சமையலை அடியோடு மாற்றாமல் தினசரிச் சாப்பாட்டைச் சத்தானதாக்க எங்கே ஆரம்பிப்பது?

நாலுதட்டு (கேள்வி)

நான்கு பேர் சாப்பிடும் வீடு. ஒரே அடுப்பு, எல்லோருக்கும் ஒரே சமையல். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. யாருக்கும் நோயில்லை, எடை குறைக்கும் எண்ணமும் இல்லை. வழக்கமான சாப்பாடே இன்னும் கொஞ்சம் உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வழிகள் பார்த்தாகிவிட்டது, மூன்றும் நிலைக்கவில்லை. எண்ணெயே விடாமல் காய் செய்தால் பாத்திரத்தில் அப்படியே மிஞ்சுகிறது. வெள்ளை அரிசியை நிறுத்திவிட்டு முழுக்கத் தீட்டாத அரிசி வைத்தால் பாதி வேகவில்லை. சாப்பிட்டவர்களுக்கு வயிறு உப்புசம். காலையில் பழம் மட்டும் என்று வைத்தால் 11 மணிக்கு பிஸ்கட் டப்பா திறந்துவிடுகிறது.

எண்ணெயைக் குறை, காயைக் கூட்டு என்பதெல்லாம் தெரியும். எவ்வளவு குறைக்க, எவ்வளவு கூட்ட, எதை முதலில் செய்ய? கிராமிலும் கரண்டியிலும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கால்கரண்டி

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள், அளந்து மட்டும் பாருங்கள். அதற்காகத் தட்டுத் தட்டாக எடை போட வேண்டாம். எண்ணெய் பாட்டில், உப்புப் பொட்டலம், சர்க்கரைப் பொட்டலம் மூன்றின் மேலும் பிரித்த தேதியை எழுதுங்கள். தீர்ந்ததும் அந்தத் தேதியையும் எழுதுங்கள். நான்கு பேர், 30 நாள் என்றால் 120 பங்கு. மாதம் செலவானதை 120-ஆல் வகுத்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே தள்ளுகிறார் என்பது கையில் வந்துவிடும்.

உதாரணமாக உப்பு. 1 கிலோ பொட்டலம் மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் கீழே. அப்படியென்றால் நான்கு பேருக்கு மாதம் 600 கிராம்தான். இதில் ரொட்டி, சிப்ஸ், சாஸ், ஊறுகாய் வழியாக வருவதும் அடக்கம் என்பதால் வீட்டுப் பொட்டலம் 600-க்கும் கீழே நிற்க வேண்டும்.

எண்ணெய்: மாதம் 5 லிட்டர் போனால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 மில்லி, கலோரியில் 340 சொச்சம். 3 லிட்டரில் நிறுத்தினால் 25 மில்லி, 200 கலோரிக்குப் பக்கம். பூஜ்யத்துக்குப் போகத் தேவையே இல்லை. காரட், கீரை போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டினும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒழுங்காக ஏறும். ஆகவே எண்ணெயில்லாக் காய் சுவையில் மட்டுமல்ல, சத்திலும் நஷ்டம்.

சர்க்கரை: வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 2000 கலோரிக்கு அது 50 கிராம், 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். முழுப் பழம் வராது. 330 மில்லி கோலா ஒரு டப்பாவில் மட்டும் சுமார் 35 கிராம் இருப்பதை நினைவில் வையுங்கள். வீட்டுப் பொட்டலக் கணக்கு சர்க்கரையில் மட்டும் உங்களை ஏமாற்றும், ஏனென்றால் பெரும்பகுதி கடையிலிருந்து வேறு உருவத்தில் வருகிறது.

அடுத்தது தட்டு. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட பிரிவினை எளிது: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு தானியம், கால் தட்டு புரதம். உருளைக்கிழங்கு அங்கே காயாகக் கணக்கில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பாதியும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரே நாளில் சரிசெய்யப் போனால் சண்டைதான் வரும். முதலில் ஒரே ஒரு மாற்று: தட்டில் 300 கிராம் சோறு விழுகிறதென்றால் அதில் 100 கிராமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 100 கிராம் வேகவைத்த பயறு வையுங்கள். கலோரி கிட்டத்தட்ட அதேதான், 390-க்குப் பதில் 375. ஆனால் புரதம் 8 கிராமிலிருந்து 14-க்கும், நார்ச்சத்து 1 கிராமிலிருந்து 9-க்குப் பக்கத்திலும் போகிறது. தட்டு அதே உயரம், வயிறும் அதே நிறைவு. நான்கு பேருக்கு 160 கிராம் உலர் பயறு போதும், வெந்தால் 400 கிராம் ஆகும். நீங்கள் கேட்ட "எதை முதலில்" என்பதற்கு என் பதில் இதுதான்.

---

அடுப்படி

காய் மிஞ்சுதுன்னா அது எண்ணெய் பிரச்சினை மட்டும் இல்லைங்க, தண்ணி பிரச்சினை. எண்ணெய் விடாத வாணலியில காய் தன் தண்ணியிலேயே வேகும். 100 டிகிரிக்கு மேல சூடு ஏறாது. அந்தச் சூட்டுல காய் சிவக்காது, சிவக்காத காய்க்கு வாசனை வராது. அதுக்குத்தான் யாரும் தொடலை.

500 கிராம் காய்க்கு மூணு தேக்கரண்டி, அதாவது 15 மில்லி போதும். ஆனா ஒரே தடவையா ஊத்தாதீங்க. வெறும் வாணலிய முதல்ல நல்லா சூடாக்குங்க. சூட்டுல எண்ணெய் இளகிப் பரவும், ஆறின வாணலியில கெட்டியா ஒரே இடத்துல நிக்கும். நாம பத்தலைன்னு நினைச்சு மறுபடி ஊத்துவோம். ரெண்டு தேக்கரண்டியில வெங்காயம், பூண்டு வதக்கி, காயைப் போட்டுக் கிளறுங்க. ஒட்ட ஆரம்பிச்சா எண்ணெய்க்குப் பதிலா ரெண்டு மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சு மூடி வைங்க, காய்க்குத் தகுந்தபடி 3லிருந்து 6 நிமிஷம். அப்புறம் மூடியத் திறந்து தீயைக் கூட்டி, தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் விடுங்க. கடைசி ஒரு தேக்கரண்டி எண்ணெய இறக்குறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி சுத்தி ஊத்துங்க. நாக்குக்கு முதல்ல படுறது மேலே இருக்குற எண்ணெய்தான், அதனால கொஞ்சமா விட்டாலும் நிறைய விட்ட மாதிரி இருக்கும்.

கத்தரிக்காய், காளான் ரெண்டும் தனி ரகம். உள்ளே பஞ்சு மாதிரி காத்தறை. எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுடும். கத்தரிக்காய நறுக்கி 5 நிமிஷம் ஆவியில வச்சுட்டு வதக்கினா அந்தப் பஞ்சு அமுங்கிடும், பாதி எண்ணெய்ல முடிஞ்சுடும். காளானை எண்ணெயே இல்லாம சூடான வாணலியில போட்டுத் தண்ணிய விடவிட்டு, அது வத்தினதும் எண்ணெய் விடுங்க.

ஓவன் இருந்தா 200 டிகிரி, 20லிருந்து 25 நிமிஷம். தட்டுல காய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. அடைச்சு வச்சா ஆவி வெளியேற வழி இல்லாம அவிஞ்சு போயிடும். கழுவின ஈரத்தையும் துணியால துடைச்சுடணும். இந்த ரெண்டையும் விட்டுட்டு "ஓவன்ல மொறுமொறுப்பு வரலை"ன்னு எண்ணெயக் கூட்டுறவங்க ரொம்பப் பேர்.

எவ்வளவு காய்னு கேட்டீங்க. ஆளுக்கு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேணும்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, கிழங்கு சேராது. பழம் 150 கிராம்னு வச்சா காய் 250. நாலு பேருக்கு நாளைக்கு ஒரு கிலோ காய்! முக்கால் மணி நேரத்துல ஒரு கிலோ காய் நறுக்க முடியாதுன்னு தோணும். வாரத்துல ஒரு நாள் பீன்ஸ், காரட், பூக்கோஸ் நறுக்கி, கொதிக்கிற தண்ணியில 2லிருந்து 3 நிமிஷம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணியில முக்கி, ஈரம் போக உலர்த்தி உறைநிலைப் பெட்டியில வைங்க. அந்த 2 நிமிஷக் கொதி எதுக்குன்னா, காய்ல இருக்குற நொதிகளை அடக்குறதுக்கு. அதை விட்டா உறைஞ்ச பிறகும் நிறமும் சுவையும் கெட்டுக்கிட்டே இருக்கும். கடையில விக்கிற உறைய வச்ச பட்டாணியும் நல்லதுதான், சத்து போயிடுச்சுன்னு தள்ளாதீங்க. பறிச்சுப் பல நாள் வெளியே கிடந்த காயை விட அது எவ்வளவோ மேல்.

தீட்டாத அரிசி விஷயம்: வெள்ளை அரிசிக்கு வைக்கிற தண்ணியும் நேரமும் அதுக்குப் பத்தாது. மேலே தவிடு இருக்கு, தண்ணி உள்ளே போக நேரம் எடுக்கும். ஒரு மணி நேரம் ஊற வச்சு, ஒரு பங்குக்கு ரெண்டரை பங்கு தண்ணி, சாதாரணப் பாத்திரத்துல 40 நிமிஷம். முழுசா மாறாதீங்க. நாலுல ஒரு பங்கு தீட்டாதது, மூணு பங்கு வெள்ளைன்னு ஆரம்பிங்க. ஒண்ணாப் போட்டா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. ஊறின தீட்டாத அரிசிய முதல்ல 20 நிமிஷம் கொதிக்க விட்டு அதே பாத்திரத்துல வெள்ளை அரிசியச் சேருங்க. சேர்த்து இன்னும் 15லிருந்து 18 நிமிஷம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பங்கக் கூட்டிக்கலாம்.

---

நிதானம்

உப்புசத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நார்ச்சத்து ஒரே நாளில் ஏறினால் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். பயறுகளில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் வேறு இருக்கின்றன. அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. மேலே சொன்ன 100 கிராம் பயறு சரியான இலக்கு, ஆனால் முதல் வாரமே அங்கே போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்த பயறு, அடுத்த வாரம் நான்கு, இப்படி மூன்று நான்கு வாரம். கூடவே தண்ணீரும் கூட வேண்டும். தண்ணீர் கூடாமல் நார்ச்சத்து மட்டும் கூடினால் மலச்சிக்கல் வரும், பிறகு பழி பயறின் மேல் விழும். பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும். அங்கே போக ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

கொண்டைக்கடலை போன்ற பெரிய பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி கொட்டும் தண்ணீரோடு போய்விடும். சீக்கிரம் வேக வேண்டுமென்று சமையல் சோடா போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும்.

காலைச் சாப்பாடு: பழம் மட்டும் என்றால் 11 மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? 200 கிராம் ஆப்பிளில் சுமார் 100 கலோரி, புரதம் 1 கிராம்கூட இல்லை. காலையில் 15 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருந்தால் மதியம்வரை தாங்கும். 2 முட்டையும் 150 கிராம் தயிரும் 17 கிராம் வரும். முட்டை வேண்டாம் என்றால் 40 கிராம் ஓட்ஸ், 200 மில்லி பால், 20 கிராம் வேர்க்கடலை. அதுவும் 17-க்கு அருகில், நார்ச்சத்து 5 கிராம் சேரும். இனிப்புக்குச் சர்க்கரை வேண்டாம், பழத்தை அதிலேயே நறுக்கிப் போட்டுவிடுங்கள். பழத்தை நிறுத்த வேண்டியதில்லை, தனியாக விடாதீர்கள் என்பதுதான்.

இன்னொன்று. சாப்பாட்டோடு தேநீர், காபி குடித்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஏறுவது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இதற்கு நேர்மாறாக வைட்டமின் சி இரும்பை ஏற்றும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் சூட்டில் வீணாகும்.

---

நாலுதட்டு

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். உப்பைப் பாதியாகக் குறைத்த அன்றே எல்லோரும் மேசையில் உப்பு கேட்டு மேலே தூவிக்கொண்டார்கள், மொத்தத்தில் கூடியதா குறைந்ததா என்றே தெரியவில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதற்கு மாறலாமா? அடுத்து, பிஸ்கட், ரொட்டி, சாஸ் வாங்கும்போது அட்டையில் எதைப் பார்ப்பது? எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நல்லது என்றுதான் எழுதியிருக்கிறது.

---

கால்கரண்டி

உப்பைப் பாதியாக வெட்டினால் நாக்கு உடனே கண்டுபிடிக்கும். பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரும்பாலும் தெரியாது. இப்போது ஒரு குழம்புக்கு 10 கிராம் போடுகிறீர்கள் என்றால் 9, இரண்டு வாரம் கழித்து 8. நாக்கு பழகச் சில வாரம் வேண்டும். பழகிய பிறகு பழைய அளவே கரிக்கும். கைப்பிடிக் கணக்கை விட்டுவிட்டுக் கரண்டியால் மட்டமாக அளந்து போடுங்கள், இல்லையென்றால் 9-ஆ 10-ஆ என்பது கைக்குத் தெரியாது. கல் உப்பும் பொடி உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, இடையில் மாற்றினால் எடை போட்டுப் பாருங்கள். உப்பில் ஒரு பகுதியைக் கடைசியில் போட்டால் மேலாக நின்று நாக்கில் சீக்கிரம் படும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பு சேர்ந்தாலும் குறைந்த உப்பு கூடுதலாகத் தெரியும். மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் எலுமிச்சைத் துண்டு வையுங்கள்.

சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகளும் பொட்டாசியத்தைத் தேக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்புக்கு ஆதரவாகவே வழிகாட்டுதல் வெளியிட்டது, ஆனால் அது சிறுநீரகப் பாதிப்பில்லாத பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பொருத்தவில்லை. உங்கள் வீட்டில் ஒரே பானைச் சமையல். நான்கு பேரில் ஒருவர் குழந்தை என்றாலே மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். அளவைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தும்.

அட்டையின் முன்பக்கத்தைப் படிக்கவே படிக்காதீர்கள், பின்பக்கம்தான். அதிலும் "ஒரு பரிமாறலுக்கு" என்ற வரிசையை விட்டு "100 கிராமுக்கு" என்ற வரிசையைப் பாருங்கள். பரிமாறல் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு; 2 பிஸ்கட் என்று எழுதியிருப்பார்கள், யார் இரண்டோடு நிறுத்துகிறார்கள்? பிரிட்டனில் உணவு அட்டைகளில் போடும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறியீட்டில் உள்ள எல்லைகள் மனதில் வைக்க வசதி. 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் என்றால் அதிகம், 5-க்குள் குறைவு. உப்பு 1.5-க்கு மேல் அதிகம், 0.3-க்குள் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு 5-க்கு மேல் அதிகம், 1.5-க்குள் குறைவு. உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள்: 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், முதலில் வருவதுதான் அதிகம். சர்க்கரையை மூன்று நான்கு பெயர்களாகப் பிரித்துவிட்டால் எதுவும் முதலிடத்துக்கு வராது. டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், சோளச் சிரப், இன்வர்ட் சிரப் எல்லாம் ஒரே குடும்பம், கூட்டிப் பாருங்கள். ரொட்டி பழுப்பாக இருப்பதால் முழுத்தானியம் ஆகிவிடாது, கேரமல் நிறமோ மால்ட்டோ சேர்த்தாலும் பழுப்பாகும். பட்டியலில் முதல் சொல் முழுக்கோதுமை மாவாக இருக்க வேண்டும். இன்னொரு சோதனை: மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) கிராமை நார்ச்சத்து கிராமால் வகுத்தால் 10-க்கு மேல் போகக் கூடாது. 45 கிராம் மாவுச்சத்து, 6 கிராம் நார்ச்சத்து என்றால் வாங்கலாம். 50-க்கு 2 என்றால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

---

பின்னடுப்பு

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடில்லை, இரண்டு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். இந்த யோசனைகளைப் பின்பற்றும்போது பயறு அதிகம் வேகும், மொத்தமாகச் சமைத்துவைப்பதும் கூடும். பிழை அங்கேதான் நடக்கும்.

ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு உண்டு. சரியாக வேகாத ஒரு கைப்பிடி போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் 30 நிமிடம் வைத்து, பிறகு வேகும்வரை விடுங்கள். பிரஷர் குக்கர் சிக்கலில்லை. மெதுவாக வேகவைக்கும் மின் பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) ஊறிய ராஜ்மாவை நேரே போடக் கூடாது. அதன் சூடு 80 டிகிரியைத் தாண்டாவிட்டால் நச்சு அழியாது, பச்சையாக இருந்ததைவிட வீரியம் கூடவும் செய்யும். முதலில் அடுப்பில் கொதிக்கவிட்டுப் பிறகு அதில் மாற்றலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான். தண்ணீரை வடித்துக் கழுவினால் உப்பிலும் ஒரு பகுதி குறையும்.

சோறு மிஞ்சினால் பாத்திரத்தோடு மேடையில் விடாதீர்கள். அரிசியில் உள்ள பாசில்லஸ் சீரியஸ் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நச்சு விடும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் மேலே குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மறுநாளைக்குள், ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள்.

---

அடுப்படி

ஒண்ணு விட்டுட்டேன். பரிமாறுற வரிசையையும் மாத்துங்க. சோறு வேகுறதுக்குள்ள காய் தயாரா இருந்தா அதையும் பயறையும் முதல்ல மேசைக்குக் கொண்டாந்துடுங்க, சோறு பத்து நிமிஷம் கழிச்சு வரட்டும். காயும் புரதமும் முதல்ல உள்ளே போனா ரத்தச் சர்க்கரை ஏறுறது நிதானப்படும். பசிச்ச நேரத்துல கைக்குக் கிடைக்கிறதத்தான் ஆளுங்க அதிகமாச் சாப்பிடுவாங்க. ஒரு கிலோ காய் எப்படித் தீரும்னு கவலைப்படுறவங்களுக்கு இதை விட எளிய வழி இல்லை. பிஸ்கட் டப்பா இருக்குற இடத்துல ஆளுக்கு 25 கிராம் வேர்க்கடலையோ பாதாமோ தனித்தனிச் சின்னக் கிண்ணத்துல எடுத்து வைங்க. டப்பாவோட வச்சா 25 எப்போ 100 ஆச்சுன்னு தெரியாது, 100 கிராம்னா 600 கலோரிக்குப் பக்கம் வந்துடும்.